செல்போனில் இருக்கிறது அப்பா குரல்!
அழியும் முன் அம்மாவுக்கு எடுத்துக் கொடுங்கள்

"சாப்ட்டியாப்பா? தறி ஓடிக்கினு இருக்கு, ஒண்ணும் சரியா கேக்கல. ஞாயித்துக்கெழமை வந்துடு."

மொத்தமே 10 வினாடிப் பேச்சு. பேசியவர் உயிரோடு இருக்கும்வரை அதை யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. அவர் கண்ணை மூடிவிட்டால்? லட்ச ரூபாய் கொடுத்தாலும் கிடைக்காத சொத்து அது!

ஆர்.கே.பேட்டை நெசவாளர்கள் நிறைந்த ஊர். அப்பா தறியில் இருப்பார். பிள்ளை கும்மிடிப்பூண்டி கம்பெனியில் 'ஷிப்ட்' பார்ப்பான். ஒருவர் ஓய்வாக இருக்கும்போது மற்றவர் வேலையில். அதனால் சொல்ல வேண்டியதை வாட்ஸ்-அப்பில் பேசி அனுப்பிவிடுகிறார்கள். இப்படி எத்தனையோ வீட்டுக் குரல்கள் செல்போன்களில் கிடக்கின்றன.

1970, 80-களில் வளைகுடா போனவர்கள் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். அந்த கேசட் பீரோவில் பத்திரமாக இருக்கும். செல்போன் அப்படியா? கீழே விழுந்தால் போச்சு!

லண்டனில் நடந்தது

லண்டன் சுரங்க ரெயில் நிலையங்கள் சிலவற்றில், 'பிளாட்பார இடைவெளியைக் கவனியுங்கள்' என்று ஒரு ஆண் குரல் முன்பு ஒலித்து வந்தது. ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகரின் குரல் அது. அவர் 2007-ல் இறந்தார்.

அவரது மனைவி எம்பேங்க்மெண்ட் நிலையத்துக்குப் போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, கணவர் குரலைக் கேட்பார். அதற்காகவே அடுத்த ரெயில் வரும்வரை காத்திருப்பதும் உண்டு. 2012-ல் அங்கே குரலை மாற்றிவிட்டார்கள். மனைவி தவித்துப் போனார். அதிகாரிகளிடம் கேட்டார். அவர்கள் குரலைப் பதிவு செய்து கையில் கொடுத்தார்கள். அதோடு விடவில்லை. 2013-ல் அதே நிலையத்தில் அதே குரலை மறுபடி ஒலிக்கவிட்டார்கள்!

நம் வீட்டுக் குரலைத் தேடித்தர எந்த அதிகாரியும் வரமாட்டார். நாமேதான் எடுத்து வைக்க வேண்டும்.

90 நாள் கணக்கு

இறந்தவரின் 'சிம்' துண்டிக்கப்பட்டால், 90 நாளுக்குப் பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். 2023-ல் சுப்ரீம் கோர்ட்டில் டிராய் சொன்ன கணக்கு இது. பழைய நினைப்பில் அம்மா அந்த எண்ணுக்குப் போன் போட்டால், "யாருங்க வேணும்?" என்று புதுக் குரல் கேட்கும்.

உங்களுக்கு வந்த குரல் உங்கள் போனில்தான் இருக்கும். அந்தப் போன் பழுதானாலோ, நகல் எடுக்காமல் புதுப் போனுக்கு மாறினாலோ அதுவும் போய்விடும்.

எடுப்பது எப்படி?

குரல் பதிவை விரலால் அழுத்திப் பிடித்தால் 'ஷேர்' குறி தெரியும். அதைத் தொட்டு உங்கள் இ-மெயிலுக்கு அனுப்புங்கள். யார், எந்தத் தேதியில் பேசியது என்றும் எழுதி வையுங்கள். ஒரு நகல் அண்ணனிடமோ அக்காவிடமோ இருக்கட்டும்.

அம்மாவுக்குப் பெரிய செல்போன் பழக்கம் இல்லையா? குரலை எம்.பி.3-ஆக மாற்றி மெமரி கார்டில் போட்டு, சின்ன ரேடியோவில் செருகுங்கள். பட்டனை அழுத்தினால் பேசும். மாற்றத் தெரியாதவர்கள் பாட்டு ஏற்றித்தரும் செல்போன் கடையில் கேட்கலாம். பின்னால் கேட்கும் தறிச் சத்தத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அதுவும் அப்பாதான்!

ஒரு எச்சரிக்கை. சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று போட்டுக் காட்டாதீர்கள். "அப்பா பேசினது இருக்கும்மா, கேக்கறியா?" என்று முதலில் கேளுங்கள். இப்போது வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கேட்கத் தோன்றும் நாளில் அது கையில் இருந்தால் போதும்.

வீட்டுக்குப் போகும் பஸ்சில் இதைப் படிக்கிறீர்களா? பேப்பரை மடித்து வைத்துவிட்டு, செல்போனைத் திறந்து பாருங்கள். அந்த 10 வினாடி இன்னும் இருக்கிறதா?