காசிலும் பாடபேதம்

குண்டசாலையில் நான் குடியிருக்கும் இல்லத்துக்கு மாலை வேளைகளில் மாணவர் சிலர் இலக்கணம் கற்க வருவதுண்டு. அவர்களுள் ஒருவன் ‘எங்கள் வீட்டுப் பழம்பொருள்’ என்னுந் தலைப்பில் எழுதிய கட்டுரையைச் சென்ற தவணையில் திருத்திக்கொண்டிருந்தேன். அவனுடைய பாட்டியார் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த செப்புக் காசொன்றைப் பற்றி எழுதியிருந்தான். ஒருபுறம் நிற்கும் மனித உருவம், மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, அதன்கீழ் ‘செது’ என்ற எழுத்துகள் என்று கண்டிருந்தது. முப்பதாண்டுப் பழக்கம் கையைச் சும்மா விடுமா? சிவப்பு மையால் ‘செது’வை வெட்டிச் ‘சேது’ எனத் திருத்தி, ஓரத்தில் ‘எழுத்துப் பிழை’ என்று குறித்து, ஒரு புள்ளியும் குறைத்துவிட்டேன்.

பையன் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் காசையே ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்து என்முன் வைத்தான். “ஐயா, காசில் இப்படித்தான் இருக்கிறது” என்றான். அவ்வளவே.

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து நோக்கினேன். சகரத்துக்கு முன் நின்றது ஒற்றைக் கொம்பே. சுழி தேய்ந்து போனதற்கான தடமும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேது என்னும் மொழியைப் பொறித்த இக்காசுகள் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளுடையவை. அவ்வரசு 1619 இல் போர்த்துக்கேயர் கைப்பட்டு முடிந்தது. நெடில் ஏகாரத்துக்குக் கொம்பைச் சுழித்தெழுதும் வழக்கோ 18 ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தால் வந்தது. குற்றெழுத்தாகிய எகரம் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி. ஆயினும் கல்லிலும் ஏட்டிலும் அப்புள்ளியைப் பெரும்பாலும் இட்டாரில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான். இடம் நோக்கி வாசித்தனர். ஆகவே பிழை காசிலும் இல்லை, கண்டதைக் கண்டவாறு எழுதிய பையனிடத்தும் இல்லை. என் சிவப்பு மையில் இருந்தது.

இந்நிகழ்ச்சிக்குப் பின் காசுகளை உற்று நோக்கும் ஆசை என்னைப் பற்றிக்கொண்டது. காசு சேர்ப்போருள் ஒரு சாரார் அச்சு வேறுபாடுகளையும் அக்கசாலைப் பிழைகளையுமே தேடித் திரிவர் என அறிந்தேன். ‘பிழையான காசுக்கு இத்தனை மதிப்பா?’ என்று முதலில் நகைத்தேன். பின்னர் எண்ணிப் பார்க்க, அவர்கள் செய்வதும் நாம் ஏட்டுச் சுவடிகளில் செய்வதும் ஒரே தொழில் எனத் தெரிந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் 1887 இல் அச்சேற்றினர். அதற்குமுன் ஏட்டுப் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எத்துணை நாள் உழைத்திருப்பர்! காசு ஆராய்வோனுக்கும் அவ்வொப்பீடே கருவி.

ஏட்டில் நாம் காணும் வேறுபாடுகள் நால்வகைப்படும். ஆசிரியரே கருதி மாற்றியது ஒன்று. தாயேட்டில் நேர்ந்த வழு அதனைப் பார்த்தெழுதிய படிகள்தோறும் தொடர்வது மற்றொன்று. ஒருவன் கை தவறி ஒரு படியில் மட்டும் விழுந்த வழு மூன்றாவது. பிற்காலத்துச் செல்லரிப்பு நான்காவது. காசிலும் இந்நான்கும் உண்டு. அக்கசாலையார் கருதியே அச்சை மாற்றுவது முதல்வகை. அச்சிலேயே எழுத்து இரட்டித்தோ பிளந்தோ இருந்தால், அவ்வச்சில் அடித்த காசுகள் யாவும் அக்குறையைத் தாங்கும். இது தாயேட்டு வழு. உலோக வில்லை அச்சின் நடுவிலிருந்து விலகிக்கிடக்க, பாதி முத்திரை வெளியே போய்விடுவது அந்த ஒரு காசின் கைப்பிழை. முன்னடித்த காசொன்று அச்சில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையில் தன் முகத்தையே கண்ணாடி நிழல்போல் புறம்மாற்றிப் பதிப்பதும் அவ்வினத்தது. அக்கசாலையை விட்டு வந்தபின் அராவியதும் கீறியதும் செல்லரிப்புக்கு ஒப்பானவை. சேர்ப்போர் இவற்றை மதியார்.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. ஒரே குறை ஒரே இடத்தில் இரு காசுகளிற் காணப்படின் குற்றம் அச்சினது. ஒன்றில் மட்டும் காணப்படின் அடித்தவன் கையையோ பின்வந்தோர் கையையோ ஐயுறலாம்.

சேது காசுபோலக் கையால் அடித்த காசுகளில் இவ்வேறுபாடுகள் மலிந்து கிடக்கும். கீழச்சைப் பட்டடையில் பதித்து, அதன்மேல் வில்லையை வைத்து, மேலச்சைக் கையிற் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பர். அச்சுத் தேய்ந்தால் புதிதாகக் கையாலேயே வெட்ட வேண்டும். ஆதலின் ஓர் அச்சின் நந்திக்குத் திமில் உயரும். மற்றொன்றில் கொம்பு வளையும்.

எங்கள் கண்டி நாட்டிலோ விந்தை இன்னும் பெரிது. மகாவலிக் கரையில் இக்குண்டசாலையை அரண்மனை நகராக்கிய வீரபராக்கிரம நரேந்திரசிங்கன் (1707 - 1739) காலத்துக்கு முன்னர், இரண்டாம் இராசசிங்கன் ஆட்சியில், றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1660 முதல் 1679 வரை இங்குச் சிறையிருந்தார். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவர் நூல் தூண்டில்முள் வடிவான வெள்ளிக் காசொன்றைக் கூறுகிறது. அரசன் இசைவுடன் அதனை எவரும் செய்யலாமாம். தாம் விரும்பிய குறியை அதில் இடலாமாம். ஆனால் அரசனுக்கே உரிய சிறு பணத்தைப் பிறர் அடித்தால் தண்டனை மரணம். ஒரே நாட்டில் ஒரு காசுக்கு வேறுபாடே இயல்பு. மற்றொன்றுக்கோ அது உயிர்ப்பழி!

எந்திரம் வந்தபின்னரும் இக்கதை ஓயவில்லை. இத்துறையிற் பேர்பெற்ற கனடா நாட்டுக் காசுகளே சான்று. 1911 ஆம் ஆண்டுக் காசுகளில் அரசர் பெயரோடு வழங்கும் ‘கடவுள் அருளால்’ என்னுந் தொடர் விடுபட்டது. மக்கள் ‘கடவுளில்லாக் காசு’ எனக் குறைகூற, மறுவருடமே தொடர் திரும்பியது. 1936 டிசம்பரில் எட்டாம் எட்வேட் முடிதுறந்தார். புதிய அரசரின் அச்சுகள் வந்துசேரவில்லை. 1937 இல் பழைய அச்சுகளையே எடுத்து, 1936 என்னும் ஆண்டின்கீழ் சிறு புள்ளியொன்று வைத்து அடித்தனர். அப்புள்ளி பெற்ற ஒரு சதக் காசுகளுள் இன்று அறியப்பட்டவை மூன்றே. எகரத்தின் புள்ளியை நாம் எளிதாக விட்டோம். அங்கோ ஒரு புள்ளி பெருஞ்செல்வம்.

1947 இல் இந்தியா விடுதலை பெற்றதும், ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் ‘இந்தியப் பேரரசர்’ என்னும் பட்டம் காசினின்றும் நீங்கவேண்டியதாயிற்று. திருத்திய அச்சுகள் வரும்வரை, கனடாவில் 1948 இலும் 1947 ஆண்டுக் காசுகளையே, மேப்பிள் இலை வடிவான சிறு குறியொன்றைச் சேர்த்து அடித்தனர். இலங்கையிலும் அதே மாற்றத்தைக் காணலாம். அம்மன்னரின் முந்திய காசுகள் அவரை இந்தியப் பேரரசர் என்கின்றன. 1951 ஆண்டுக் காசுகளோ வெறும் மன்னர் என்கின்றன. டில்லியில் ஒரு கொடி இறங்க, ஒட்டாவாக் காசில் ஓர் இலை தளிர்த்தது. நம் காசில் ஒரு பட்டம் உதிர்ந்தது. இவற்றையெல்லாம் ‘அச்சுப் பிழை’ என்று தள்ளுவோன் வரலாற்றையே தள்ளுவோன் அன்றோ?

தீபாவளிக்குமுன் அக்காசைப் புளியிட்டு விளக்கிப் பளபளப்பாக்கப் பாட்டியார் எண்ணியிருந்ததாகப் பையன் சொன்னான். “வேண்டாம் தம்பி, பாட்டியாரிடம் நான் சொன்னதாகச் சொல், களிம்போடு எழுத்தும் போய்விடும்” என்று தடுத்தேன். என் சிவப்பு மையும் ஒருவகைப் புளியே என்பது அச்சொல் வாயினின்றும் வந்தபோதே விளங்கிற்று.

அன்றே அவன் கட்டுரையை மீண்டும் வாங்கினேன். நான் செய்த திருத்தத்தை வெட்டி, குறைத்த புள்ளியைச் சேர்த்து, ‘கண்டவாறு எழுதினாய், நன்று’ என ஓரத்தில் எழுதினேன். என் முதல் திருத்தத்தை அழிக்கவில்லை. வெட்டும் வெட்டின்மேல் வெட்டுமாக அது அப்படியே கிடக்கிறது. பிற்காலத்தில் அக்கொப்பியைப் புரட்டுவோர், ஆசிரியர் ஒருவர் கற்றுக்கொண்ட இடம் இதுவென்று அறியட்டும்.