நமது வசந்தம் கார்த்திகையில்

ஆங்கிலக் கவி வேர்ட்ஸ்வர்த் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தம் தங்கையோடு உல்சுவாட்டர் ஏரிக்கரையில் நடந்து சென்றபோது ஒரு மஞ்சட் பூக்கூட்டத்தைக் கண்டார். பின்னர் அவர் பாடிய அந்த டாஃபடில் மலர்களை, வாழ்நாளில் ஒரு முறையேனும் கண்ணாற் காணாமலே மனனஞ் செய்து ஒப்புவித்தவர்கள் நம்மவருட் பலர். இன்று இலண்டனிலும் தொறன்ரோவிலும் வாழும் நம் உறவினர் அப்பூவைத் தம் வாயிற்புறத்திலேயே வளர்க்கின்றனர். பனிக்காலம் தொடங்குமுன் கிழங்கை மண்ணிற் புதைத்துவிட்டால், பங்குனி சித்திரையில் அது தானே தலைகாட்டுகிறது. அந்தப் படங்களைக் காணும் கீரிமலைத் தாய்மார், "நம் வளவிலும் இதனை வைக்கலாகாதா?" என்று கேட்பது இயல்பே.

வைக்கலாம், ஆனால் பூக்காது. டாஃபடிலின் கிழங்கு நமது வெங்காயத்தைப் போன்று ஏடு ஏடாக அமைந்தது. அதன் உள்ளே பூவின் கரு முந்திய கோடையிலேயே உருவாகிவிடுகிறது. எனினும் அந்தக் கரு தண்டாக நீண்டு வெளிவருவதற்கு மூன்று மாதமளவு கடுங்குளிர் வேண்டும்; வெப்பம் ஏறத்தாழ 9 பாகை செல்சியசுக்குக் கீழே நிற்க வேண்டும். மார்கழி விடியலில் நாம் போர்வையை இழுத்துப் போர்த்திக் கொள்கிறோமே, அந்தக் குளிர் அக்கிழங்குக்குக் கோடை வெயிலுக்குச் சமானம். குளிர்ப்பெட்டியில் வைத்து ஏமாற்றிப் பூக்கச் செய்வாரும் உளர். ஒரு முறை பூக்கலாம். மறு ஆண்டு வெறும் இலைதான். அன்றியும், வெளிநாட்டுக் கிழங்குகளைப் பயிர்த் தடைகாப்பு அனுமதியின்றி நாட்டினுட் கொணர்தல் சட்டத்துக்கு மாறானது. வெங்காயச் செய்கையை நம்பி வாழும் வலிகாமத்தில், அயல்நாட்டுக் கிழங்கோடு அயல்நாட்டு நோயும் வந்து சேர்ந்தால் அதன் விளைவை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் மண்ணுக்குள் உறங்கிப் பருவத்தில் எழுந்து மலரும் கிழங்கு நம்மிடம் இல்லாமற் போகவில்லை. அதுதான் கார்த்திகைப்பூ. காந்தள் என்பது அதன் இலக்கியப் பெயர். கலப்பையின் வடிவாகக் கிழங்கு வளைந்திருத்தலால் கலப்பைக்கிழங்கு என்றும், பூவை உற்று நோக்கினாற் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையினாற் கண்வலிக்கிழங்கு என்றும் வழங்குவர். சிங்களவர் இதனை நியங்கலா என்பர். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொல்லும்போது முதலிடம் பெறுவது இந்தக் காந்தளே. தமிழ்நாடு இதனைத் தன் மாநில மலராகக் கொண்டுள்ளது. ஆபிரிக்காவிலுள்ள சிம்பாப்வே நாட்டுக்கும் இதுவே தேசிய மலர்.

மேனாட்டாருக்குக் குளிர் உறக்ககாலம். நமக்குக் கோடை உறக்ககாலம். பங்குனி முதல் ஆவணி வரை கீரிமலைப் பக்கத்து மண் செங்கல்லைப்போல் இறுகிக் கிடக்கும். ஐப்பசியில் வாடைக்கால மழை இறங்கியதும் சில வாரங்களில் வேலியோரத்திலே விரல் பருமனான பசுந்தளிர் ஒன்று மேலெழும். அதற்குக் கொம்பு வேண்டியதில்லை. இலையின் நுனியே சுருண்டு கம்பியாகிக் கிளுவையையும் பூவரசையும் பற்றிக்கொண்டு ஏறிவிடும். கார்த்திகையில் அரும்பு கட்டும். இதழ்கள் விரிந்ததும் கீழ்நோக்கித் தொங்கும் பூவிலே அவை மட்டும் மேல்நோக்கி மடிந்து நிற்கும். முதலில் பச்சை, பின்னர் அடியில் மஞ்சளும் நுனியிற் சிவப்பும், முடிவில் முழுவதும் குருதிச் சிவப்பு. ஒரே கொடியில் இத்தனை நிறத்தையும் ஒரே நாளிற் காணலாம். விளக்கீட்டு நாளில் வேலியிலும் விளக்கேற்றியது போன்ற அந்தத் தோற்றத்துக்கு எந்த டாஃபடிலும் ஈடாகாது என்பது நம் எண்ணம். (நாம் ஊர்ப்பற்றுக் கொண்டு பேசுகிறோம் என்று இலண்டன் உறவினர் சொல்லட்டும்.)

கீரிமலை இப்பூவுக்கு ஏற்ற இடமாதற்குக் காரணம் நிலத்தினடியில் இருக்கிறது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். வலிகாமத்திலே அதன்மீது செம்மண் படிந்துள்ளது. மழைநீர் அம்மண்ணின் வழியே இறங்கிக் கல்லின் வெடிப்புகளிலும் பிலங்களிலும் ஓடுகிறது. கடலோரத்துக் கேணியில் ஊற்றெடுப்பதும், ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்வோர் மூழ்கி எழுவதும் அந்த நிலத்தடி நீரிலேதான். நீர் தேங்காது இறங்கிவிடும் மண்ணே காந்தட் கிழங்குக்கு உயிர். தேங்கினால் ஒரே மாரியிற் கிழங்கு அழுகிப்போகும்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மூண்டு, கீரிமலை உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். அவர்களுடைய காணிகள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. 2009இற் போர் முடிந்த பின்னரே அவை சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பியோர் கூரையில்லாச் சுவர்களையும், எல்லை தெரியாத பற்றைக்காடுகளையும் கண்டனர். பராமரித்து வளர்த்த முல்லையும் செவ்வந்தியும் ஆளில்லா வளவில் எத்தனை நாள் நிற்கும்? காந்தளோ மனிதர் கையை எதிர்பாராத செடி. ஆண்டுதோறும் பழைய கிழங்கு சுருங்க, அதன் இடத்திற் புதுக்கிழங்கு பிறக்கிறது. உழப்படாத நிலத்தில் இப்படியே பல்லாண்டு தொடரும். ஆகவே காணி துப்புரவு செய்வோர் இயந்திரத்தை ஏவுமுன் ஒரு மாரியேனும் பொறுத்து, வேலியடியில் என்ன முளைக்கிறதென்று பார்ப்பது நல்லது. இன்று உயிர்வேலி போய் மதில் எழுந்துவருகிறது. கொடி பற்ற இடமில்லை. விடுதலைப் புலிகள் இதனைத் தம் தேசிய மலராக ஏற்ற பின்னர் இப்பூவுக்கு அரசியற் பொருளும் ஏறிற்று. கார்த்திகை நினைவேந்தலில் இடமும் பெற்றது. எனினும் கபிலர் காலத்துக்கு முன்னிருந்தே பூத்துவரும் கொடியை வேலியில் வளர்க்க எவரும் கூச வேண்டியதில்லை.

வளர்க்கும் முறையைச் சொல்வோம். பிறர் வேலியிலும் காட்டிலும் கிழங்கைத் தோண்டாதீர்கள். அவ்வாறு அள்ளிச் சென்றதாலேயே பல இடங்களில் இக்கொடி அருகிற்று. வளர்ப்போரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கிழங்கின் இரு கைகளில் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முளைதான் உண்டு. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கை பயனற்றதாகும், முட்டையைப்போற் பேணுக. புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னர், வெயில் படும் வேலியோரத்தில் மக்கிய சாணமும் சிறிது மணலும் கலந்து, கிழங்கைப் படுக்கையாக இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் வைக்க வேண்டும். முளை தோன்றியதும் பக்கத்திற் கிளுவைத் தடியொன்று நாட்டுங்கள். தமிழ்நாட்டில் ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பகுதிகளில் இதனை விதைக்காகப் பெரும்பயிராக இடுவோரும் முள்கிளுவையின் மேலேதான் படரவிடுகின்றனர். அங்கே காலைதோறும் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். சூலகத்தண்டு ஒருபுறமாக மடங்கி நிற்பதால் தன் பூவின் மகரந்தம் தன்மேற் படுவது அரிது. உங்களுக்கு விதை வேண்டுமானால் நீங்களும் ஒரு மெல்லிய தூரிகையால் அவ்வாறு செய்யலாம். விதையிலிருந்து வரும் செடி பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும்.

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். இச்செடி முழுவதும் நஞ்சு. கிழங்கும் விதையும் கொடியவை. கொல்கிசின் என்னும் அந்த நஞ்சிலிருந்தே ஊளைச்சதையர்க்கும் உணவுப்பிரியர்க்கும் அதிகம் வருமென்று சொல்லப்படும் மூட்டுவாத நோய்க்கு மருந்து செய்கிறார்கள். தமிழ்நாட்டு விதை ஏற்றுமதியாவதும் அதற்காகவே. ஆனால் மருந்தின் அளவுக்கும் மரணத்தின் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. வள்ளிக்கிழங்கென்று மயங்கி அவித்துண்டு மாண்டவர் இலங்கையில் உண்டு. உண்டவுடன் ஒன்றும் தோன்றாதிருக்கலாம். சில மணி நேரங் கழித்தே வாய் எரிவும், வாந்தியும், கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அவை தணிந்தாற்போற் காட்டிய பின்னரும் உள்ளுறுப்புகள் பழுதுபடும். ஆகவே ஒரு துண்டு தின்றதாக ஐயம் எழுந்தாலும், அறிகுறிக்குக் காத்திராமல், எஞ்சிய கிழங்கையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள். கைமருந்து எதுவும் வேண்டாம். தேள்கடிக்கு அரைத்துப் பூசுவதும், பிள்ளைப்பேற்றுக்காகத் தடவுவதும் முற்றாகக் கைவிடத் தக்கவை. டாஃபடிற் கிழங்கும் நஞ்சுடையதே; மேனாட்டிலும் வெங்காயமென்று எண்ணிச் சமைத்து நோயுற்றவர் உளர்.

எனவே கிழங்கை மரக்கறித் தோட்டத்தில் நடாதீர்கள். வெங்காயப் பாத்திக்கும் இராசவள்ளிக்கும் அண்மையில் வேண்டாம். ஆடும் கன்றும் எட்டாத இடமாக இருக்கட்டும். தொட்டபின் கையைக் கழுவுங்கள். தை மாசியில் இலை மஞ்சளாகிக் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டதென்று பிடுங்கி எறிய வேண்டாம், நீரும் ஊற்ற வேண்டாம். அவ்விடத்தில் ஒரு கல்லையோ பனைமட்டைத் துண்டையோ நாட்டி வையுங்கள். கோடையில் மண்வெட்டியோடு வருபவருக்கு அடியிற் கிழங்கு இருப்பது தெரிய வேண்டும்.