கம்ப்ரஷன் போச்சா? இன்ஜினை இறக்குறதுக்கு முன்னாடி டேப்பட்டைப் பாருங்க!

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் போகிற ரோட்டில் காலையில் ஒரு டீக்கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். பால் கேன், உளுந்து மூட்டை, பருத்திப் பொதி என்று பின்சீட்டில் ஏதாவது ஒன்றைக் கட்டிக்கொண்டு பழைய ஸ்ப்ளெண்டர்கள் வரிசையாகப் போகும். 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100-க்கு, ‘பெட்ரோலைப் போடு, மூடு, மறந்துடு’ என்கிற அர்த்தத்தில்தான் விளம்பரமே செய்தார்கள். 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டரையும் நாம அப்படியேதான் ஓட்டினோம். பெட்ரோல் விஷயத்தில் அது சரி. இன்ஜினையும் சேர்த்து மறந்ததுதான் தப்பு.

உங்கள் வீட்டிலும் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய பைக் ஒன்று நிற்கலாம். காலையில் இருபது கிக் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகுது, மேட்டில் இழுக்க மாட்டேங்குது, மைலேஜும் குறைஞ்சுபோச்சு. மெக்கானிக்கிடம் விட்டால், ‘கம்ப்ரஷன் இல்ல தம்பி, போர் வேலை பார்க்கணும்’ என்கிறார். சில ஆயிரம் ரூபாய் செலவு. அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயத்தைப் பார்த்தாரா என்று கேளுங்கள்: டேப்பட்.

கம்ப்ரஷன்னா என்ன?

உள்ளே வந்த பெட்ரோல்-காற்றுக் கலவையை பிஸ்டன் மேலே தள்ளி நெருக்குகிறது. ஸ்ப்ளெண்டரில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கும். அப்போதுதான் பிளக் பொறியில் அது ‘பட்’டென்று வெடித்து பிஸ்டனைக் கீழே தள்ளும். நெருக்கும் நேரத்தில் காற்று வெளியே கசிந்தால் வெடிப்பில் பலம் இருக்காது. கசிய முக்கியமான வழிகள் இரண்டு. கீழே பிஸ்டன் ரிங், மேலே வால்வு. ரிங் தேய்ந்தால் இன்ஜினை இறக்கியே ஆகணும். வால்வு சரியாக மூடாததுதான் காரணம் என்றால், பல நேரம் ஒரு ஸ்பேனரும் ஒரு ஃபீலர் கேஜும் போதும்.

சத்தம் வந்தா பயப்படாதீங்க

5,000 ஆர்.பி.எம்-ல் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 2,500 தடவை திறந்து மூடுகிறது. வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி விட்டிருப்பார்கள். பழைய சிடி 100, ஸ்ப்ளெண்டரில் அது 0.05 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். சூட்டில் உலோகம் நீளும்போது வால்வு முழுசா மூடுவதற்குத்தான் அந்த இடம்.

இடைவெளி கூடினால் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்கும். உடனே நாம மெக்கானிக்கிடம் ஓடுவோம், அவர் டைட் வைத்துத் தருவார். சத்தம் போச்சு, நமக்கும் சந்தோஷம். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்குது. ஓட ஓட வால்வு தன் இருக்கையில் தேய்ந்து மேலே ஏறுவதால், இருக்கிற இடைவெளியும் மெல்ல அடைபடும். ஒரு கட்டத்தில் வால்வால் முழுசா மூட முடியாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இருக்கையில் ஒட்டி உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கும். உட்காரவே விடாவிட்டால் விளிம்பு கருகிப்போகும். இவ்வளவும் சத்தமே இல்லாமல் நடக்கும். லேசாக டிக் அடிக்கிற டேப்பட்டைவிட, ரொம்ப அமைதியாக இருக்கிற டேப்பட்டைத்தான் சந்தேகப்படணும்.

கரிசலுக்கு ரெண்டு சீசன், ரெண்டு பிரச்னை

கோடையில் வண்டிப்பாதைப் புழுதி ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால், ஆயிலோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி ரிங்கைத் தேய்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை வேற. கரிசல் மண் பசை மாதிரி மட்கார்டுக்குள் அப்பி வீலையே சுத்த விடாது. அதே மண் சிலிண்டர் ஃபின்களுக்கு நடுவே காய்ந்து இறுகிவிட்டால், காற்றால் மட்டுமே குளிரும் இன்ஜின் கொதிக்கும். அடி வாங்குவது வால்வு. அதனால் மழைக்காலத்தில் வண்டியைக் கழுவும்போது ஃபின் இடுக்கு, வெயில் காலத்தில் ஃபில்டர், இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

காலையில் டேப்பட்

இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும். ராத்திரி நிறுத்தின வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணாமலே பார்ப்பது நல்லது.

1. பிளக்கையும் மேலும் கீழும் இருக்கிற இரண்டு டேப்பட் மூடிகளையும் கழற்றுங்கள். இடதுபக்க மேக்னட் கவரிலும் இரண்டு மூடிகள் இருக்கும்.

2. ஸ்பேனர் போட்டு மேக்னட்டை இடஞ்சுழியாகத் திருப்பினால், சின்ன ஜன்னலில் ‘டி’ குறி தெரியும். அது ‘டாப்’பின் முதல் எழுத்து. பக்கத்திலேயே ‘எஃப்’ குறியும் வரும். அது பிளக் பொறி விடும் நேரத்துக்கானது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

3. இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆடணும். ஒன்று இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி ‘டி’க்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். நிறைய பேர் தப்பு செய்யும் இடம் இதுதான்.

4. 0.05 தகட்டை உள்ளே விட்டால் மெல்லிய உராய்வோடு வழுக்கணும். நுழையவே இல்லையென்றால் டைட். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைச் சரிசெய்து, மறுபடி இறுக்குங்கள். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும் என்பதால் திரும்ப ஒருமுறை தகட்டை விட்டுப் பாருங்கள்.

உங்கள் மாடலுக்கான அளவை சர்வீஸ் கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். புது மாடல்களில் இது மாறும். திருவொற்றியூரில் தயாரான பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கு முறையே வேற. ஆறின இன்ஜினில் புஷ்ராடு விரலால் சுற்றினால் சுலபமா சுற்றணும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது.

அப்புறம் கம்ப்ரஷன்

டேப்பட்டைச் சரிசெய்த பிறகு நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்துங்கள். இக்னிஷன் ஆஃப். பெட்ரோல் ஆவி வரும் இடத்தில் ஒரு பொறி போதும்; தீப்பெட்டி ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்லணுமா என்ன!

ஆக்ஸிலரேட்டரை முழுசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, முள் நிற்கும்வரை ஏழெட்டு கிக் அடியுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் பார்த்தால் காற்றே போதுமான அளவு உள்ளே போகாது. நல்ல இன்ஜினுக்கும் ‘கம்ப்ரஷன் இல்லை’ என்ற பழி விழும்.

கையேட்டில் உள்ள அளவைவிடக் குறைவாக வந்தால், பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்.

• முள் நன்றாக ஏறினால்: ஆயில் ரிங் இடுக்கை அடைத்திருக்கிறது. ரிங் அல்லது போர் தேய்மானம். மெக்கானிக் சொன்னது சரிதான்.

• முள் அசையவே இல்லையென்றால்: கசிவு மேலே. பெரும்பாலும் வால்வு. ஹெட்டை மட்டும் கழற்றி வால்வை இருக்கையோடு தேய்த்து உட்காரவைத்தால் போதுமானதாக இருக்கலாம். போர் வேலை தேவையில்லை.

• முதல் தடவையே சரியான அளவு வந்தால்: டேப்பட்டே குற்றவாளி. இன்ஜினைத் தொட வேண்டாம். டைட் வைத்து ரொம்ப நாள் ஓட்டாமல் இருந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

வீட்டில் இருப்பது யமஹா ஆர்எக்ஸ் 100, டிவிஎஸ் 50, எக்ஸ்எல் சூப்பர் என்றால் டேப்பட்டைத் தேடாதீர்கள். அவை 2 ஸ்ட்ரோக், டேப்பட்டே கிடையாது. அவற்றுக்கு கம்ப்ரஷன் டெஸ்ட் மட்டும்தான்.

கேஜ் வாங்க முடியாதென்றால் பரவாயில்லை, அது ஒர்க் ஷாப்பிலேயே இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ரெண்டு கேள்வி கேட்பதுதான்: ‘அண்ணே, டேப்பட் பாத்தாச்சா? ஆயில் விட்டு கம்ப்ரஷன் பாத்தாச்சா?’ ரெண்டுக்கும் ‘ஆமா’ என்று பதில் வந்த பிறகு இன்ஜினை இறக்கச் சொல்லுங்கள். அப்பாவின் வண்டி இன்னும் பத்து வருஷம் ஓடும்.