தம்பிக்கு வயித்து வலியா? ‘கேஸ்’னு விட்டுடாதீங்க!

வீக் எண்டுக்கு ஹாஸ்டல்ல இருந்து ஊருக்கு வந்திருக்கீங்க. இரும்பையோ, திண்டிவனமோ, விழுப்புரமோ... எப்பவும் வாசலுக்கு ஓடி வர்ற தம்பி, இன்னிக்கு சுருண்டு படுத்திருக்கான். ‘‘கல்யாண வீட்டுல கண்டதையும் தின்னான், கேஸா இருக்கும்’’னு பாட்டி ஓமத் தண்ணி காய்ச்சுறாங்க.

பெரும்பாலும் பாட்டி கணக்கு சரியாத்தான் இருக்கும். ஆனா, மேல் வயித்துல ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் பாயுற வலி, நிக்காத வாந்தி, முன்னால குனிஞ்சு உட்கார்ந்தா மட்டும் கொஞ்சம் சுகம்... இப்படின்னா உஷார் பாஸ், அது கணையமா இருக்கலாம்!

இரைப்பைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கிற சுரப்பிதான் கணையம். சாப்பாட்டைச் செரிக்க என்சைம், சர்க்கரையைக் கட்டுப்படுத்த இன்சுலின் ரெண்டையும் சுரக்கிறது இதுதான். குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய என்சைம் உள்ளேயே வேலையை ஆரம்பிச்சுட்டா, கணையம் தன்னைத் தானே அரிச்சுக்கும். இதுக்குப் பேரு அக்யூட் பேன்கிரியாட்டைட்டிஸ்.

‘‘அது குடிக்கிறவங்களுக்கு வர்றதாச்சே?’’ன்னு கேட்காதீங்க. பித்தப்பைக் கல், சைக்கிள் ஹேண்டில்பார் வயித்துல குத்துறது, சில மருந்துகள்னு சின்னப் பசங்களுக்கும் காரணங்கள் உண்டு. அதிகம் பேசப்படாத ரெண்டு காரணம் இங்கே.

ஒண்ணு, தொற்று. பொன்னுக்கு வீங்கி வந்தா கழுத்துல தங்கச் சங்கிலி போட்டு விடுவாங்களே... அந்த வைரஸ் சில சமயம் கணையத்தையும் தாக்கும். 2017-ல ஸ்கூல்ல உங்களுக்கே போட்டாங்களே எம்.ஆர். ஊசி, அது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும்தான். பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை!

இன்னொண்ணு, ட்ரைகிளிசரைடுங்கிற கொழுப்பு. இது 1,000-ஐத் தாண்டினா கணையத்துக்கு ஆபத்து. டியூப்ல எடுத்த ரத்தத்துல பால் மாதிரி வெள்ளையா தெரியும். இந்தக் கொழுப்பை உடைக்கிற என்சைம் பிறவியிலேயே குறைவா இருக்கிற குழந்தைகள் உண்டு. சர்க்கரை நோய் இருக்கிறதே தெரியாத குழந்தைகளும் உண்டு. அவங்களுக்கு ஒரு தொற்று வந்தா, இன்சுலின் பத்தாம சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தே எகிறும்.

ரத்தத்துல அமைலேஸ், லைப்பேஸ் டெஸ்ட், கூடவே ஸ்கேன் எடுத்தா விஷயம் தெரிஞ்சுடும். ‘‘ட்ரைகிளிசரைடும் சர்க்கரையும் பார்த்துடலாமா டாக்டர்?’’னு நீங்களே கேளுங்க. டிரிப்ஸ், வலி மருந்துன்னு சீக்கிரம் ஆரம்பிச்சா பெரும்பாலான பசங்க தேறிடுவாங்க. முத்தினா நுரையீரல், கிட்னி வரைக்கும் பாதிக்கும்.

விழுப்புரம் பக்கம்னா முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, இரும்பை பக்கம்னா கோரிமேடு ஜிப்மர். வண்டி இல்லையா? 108-ஐக் கூப்பிடுங்க. வீட்டுல படிச்ச பிள்ளை நீங்கதான்... ‘‘காலையில பார்த்துக்கலாம்’’னு யாராவது சொன்னா, ‘‘இல்ல பாட்டி, இப்பவே போகலாம்’’னு நீங்க சொல்லணும்!