மாற்றிப் போட இடம் தரும் ஓட்டு

இணையத்தில் ஒரு வாக்கெடுப்பை உருவாக்க இரண்டு நிமிடம் போதும். அதை நம்பலாமா என்பது அதன் பின்னால் உள்ள அமைப்புகளைப் பொறுத்தது. எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது? போட்ட ஓட்டை மாற்றலாமா? முடிவு எப்போது வெளியே தெரியும்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் சட்டம் போட்டு விடை வகுத்திருக்கும் நாடு, பால்டிக் கடலோரத்தில் உள்ள எஸ்தோனியா.

2005 உள்ளாட்சித் தேர்தலில் அங்கே நாடு முழுவதும் இணையவழி ஓட்டு வந்தது. அந்த முறை அதில் ஓட்டுப் போட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பதிவான ஓட்டுகளில் பாதிக்கு மேல் இணையத்தில் விழுந்தவை.

வாக்காளர் தன் கணினியில் தேர்தல் செயலியைத் திறந்து, அடையாள அட்டையை ரீடரில் செருகுகிறார். அட்டைக்கு இரண்டு ரகசிய எண்கள் உண்டு. ஆள் இன்னார் என்று காட்ட முதல் எண். வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த பிறகு கையெழுத்துக்குப் பதில் இரண்டாம் எண். நம் ஊர் தபால் ஓட்டைப் போல இதற்கும் இரண்டு உறை. உள்ளுறையில் பூட்டப்பட்ட ஓட்டு. வெளியுறையில் வாக்காளரின் மின் கையொப்பம். வெளியுறையை நீக்கி, ஆளுக்கும் ஓட்டுக்கும் உள்ள தொடர்பை அறுத்த பிறகுதான் உள்ளுறையைத் திறப்பார்கள். திறக்கும் சாவியும் ஒருவர் கையில் இருப்பதில்லை. பங்கு பிரித்துப் பலரிடம் கொடுக்கப்பட்டிருக்கும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது மறு ஓட்டு. வாக்குச்சாவடியில் திரைமறைவு இருக்கிறது. வீட்டில்? கணவரோ முதலாளியோ பக்கத்தில் நின்று, 'இவருக்குப் போடு' என்று மிரட்டினால் என்ன செய்வது? எஸ்தோனியா இதற்கு எளிய வழி கண்டது: எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், கடைசியாகப் போட்டதே கணக்கு. மிரட்டியவர் நகர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம். 2021 முதல் இன்னொரு பாதுகாப்பும் சேர்ந்தது. இணைய வாக்கெடுப்பு திங்கள்கிழமை தொடங்கி சனிக்கிழமை இரவு 8 மணிக்கு மூடிவிடும். ஞாயிறன்று சாவடிக்குப் போய்க் காகிதத்தில் போட்டால், அவரது இணைய ஓட்டு ரத்தாகிவிடும். மிரட்டி வாங்கிய ஓட்டை ஒருவர் கடைசி நாள்வரை நம்பியிருக்க முடியாது. ஒரே ஒரு விதி, எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்கிறது!

ஓட்டு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, திரையில் வரும் கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் படம் பிடித்துச் சரிபார்க்கலாம். அதற்குக் குறுகிய கால அவகாசமே உண்டு. ஞாயிறு வாக்குப்பதிவு முடியும்வரை முன்னிலை நிலவரம் எதுவும் வெளியே வராது.

குறையில்லாத ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், வாக்காளரின் கணினியிலும் சர்வரிலும் ஊடுருவ வழி இருப்பதாகச் சொல்லி, இந்த முறையை நிறுத்துமாறு 2014-இல் பரிந்துரைத்தார்கள். அரசு நிறுத்தவில்லை. அந்த எச்சரிக்கையை இன்றும் ஒதுக்கிவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

உங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கோ பழைய மாணவர் குழுவுக்கோ இணையத்தில் வாக்கெடுப்பு வைக்கிறீர்களா? மூடும் நேரம், ரகசியம், மாற்றும் உரிமை மூன்றையும் திறக்கும் முன்பே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஓட்டு விழத் தொடங்கிய பிறகு அவற்றில் கை வைக்காதீர்கள்.