செஞ்சிப் பாறையும் கொதிக்கும் வியாழனும்

தளவானூர் என்றதும் மகேந்திரவர்மன் குடைவித்த சத்துருமல்லேஸ்வரம் குடைவரைதான் நினைவுக்கு வரும். பொங்கலுக்கு முந்தின வாரம் நான் ஆறு அங்குலத் தொலைநோக்கியோடு அங்கே போனது வேறு ஆசையில்: இருட்டு. யோசித்தால் அதுவே தப்பு. நெபுலாவுக்குத்தான் இருட்டு வேணும். வியாழன் நகரத்து மொட்டை மாடியிலேயே பளிச்சென்று தெரியும். கோள்களைப் படமெடுக்க வேண்டியது அசையாத காற்று.

அது அன்றைக்குக் கிடைக்கவில்லை. குன்றின் அடிவாரத்தில் எட்டு மணிக்குப் பார்த்தால், கொதிக்கிற ரசத்தில் கிடக்கும் தக்காளி மாதிரி வியாழன் நெளிகிறது. பகலெல்லாம் வெயில் குடித்த கருங்கல், இரவில் அந்தச் சூட்டை மெல்ல மெல்லக் கக்கும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி வளைந்து வளைந்து வரும். வாகனத்திலிருந்து அப்போதுதான் இறக்கிய கண்ணாடியும் சூடாக இருந்தால் குழாய்க்குள்ளேயே இதே கூத்து.

இரண்டு வேலை செய்தேன். பாறையை விட்டு வயலோரமாக நகர்ந்தேன். நள்ளிரவு வரை காத்திருந்தேன். 2026 ஜனவரி 10-ல் வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வந்ததால், நள்ளிரவில் கிட்டத்தட்ட தலைக்கு மேல் நிற்கும். அப்போது ஒளி கடக்கும் காற்றும் குறைவு. இங்கிலாந்தின் டேமியன் பீச் இதற்காகவே பார்படோஸ் வரை போய்ப் படமெடுத்தவர். பார்படோஸும் செஞ்சியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகைதான், பாருங்க! நமக்கு இது சும்மா கிடைக்கிறது.

அப்புறமும் காற்று முழுசாக அடங்காது. அதனால் ஒற்றைப் படம் எடுப்பதில்லை, வீடியோதான். நொடிக்கு 100 ஃபிரேம், இரண்டு நிமிடம், மொத்தம் 12,000. காற்று ஒரு கணம் அசையாமல் நிற்கும்போது விழுந்த ஃபிரேம்களை ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருள் பொறுக்கித் தரும். நான் 10 சதவீதம் வைத்துக்கொண்டேன். அந்த 1,200-ஐ அடுக்கினால் புள்ளி இரைச்சல் சுமார் 35-ல் ஒரு பங்காகும். அதன் பிறகுதான் கூர்மையாக்கலுக்குப் படம் தாங்கும். ஒற்றை ஃபிரேமைக் கூர்மையாக்கினால் மணல்தான் மிஞ்சும்.

வீடியோவை நீட்டினால் நல்லதுதானே என்று கேட்கலாம். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். பத்து நிமிடம் எடுத்தால் மேகப்பட்டைகளின் நுணுக்கமெல்லாம் இழுபட்டுப் போகும்.

எட்டு மணி வீடியோவையும் இதே முறையில் அடுக்கிப் பார்த்தேன். இரண்டு மங்கல் கோடுகள், அவ்வளவுதான். நள்ளிரவுப் படத்தில் தெற்குப் பட்டையின் ஓரச் சுருள்கள் தெரிகின்றன. கேமராவும் மென்பொருளும் ஒன்றே. மாறியது பாறைக்கும் எனக்கும் நடுவில் இருந்த தூரமும், நாலு மணி நேரமும்.