செடிக்கு எவ்வளவு வெளிச்சம் போதும்?

பெருநகரங்களில் அடுக்ககங்கள் பெருகியபின் தோட்டமும் வீட்டினுள் குடியேறிவிட்டது. டெல்லியானாலும் மும்பையானாலும் பெங்களூருவானாலும், புதுவீடு புகுவோர் ஆசையோடு வாங்கும் பொருள்களில் தொட்டிச் செடியும் ஒன்று. சில மாதங்களில் அச்செடி வெளிறி, நெட்டையாக வளைந்து, இறுதியில் பட்டுப்போவதையும் நாம் காண்கிறோம். உரம் போதவில்லை என்கிறோம். கைராசி இல்லை என்கிறோம். மூடிய பால்கனியில் வைத்த துளசி வாடினால், அதைத் தீய நிமித்தமாக எண்ணி மனம் கலங்கும் முதியோரும் உண்டு. பல வேளைகளில் காரணம் எளியது: செடிக்குப் போதிய ஒளி கிடைக்கவில்லை.

இது நமக்குப் புலப்படாமைக்குக் காரணம் நம் கண்ணே. வெளிச்சம் குறைந்தால் கண்பாவை விரிகிறது. விழித்திரையும் மங்கலுக்குப் பழகிக்கொள்கிறது. ஆகவே நாளிதழ் படிக்க முடிகிற அறையெல்லாம் நமக்கு வெளிச்சமான அறையாகத் தோன்றுகிறது. செடிக்கோ ஒளியே உணவுக்கு ஆதாரம். எனவே ஒளியைக் கண்ணால் மதிப்பிடாமல் எண்ணால் அளப்பதே முறை.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். நண்பகல் நேர்வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் உண்டு. வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில் ஆயிரம் முதல் சில ஆயிரம் லக்ஸ் வரை இருக்கலாம். அறையின் நடுவிலோ 100 முதல் 300 லக்ஸ்தான். வெயிலோடு ஒப்பிட்டால் முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஜன்னலை விட்டு இரண்டு மீட்டர் உள்ளே நகர்ந்தாலே ஒளி பல மடங்கு குறைந்துவிடும்.

அளப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டா. பல கைப்பேசிகளில் திரையின் மேற்புறம் ஓர் ஒளி உணரி உள்ளது. இலவசச் செயலி ஒன்றின் துணையால் அதையே அளவியாகப் பயன்படுத்தலாம். துல்லியம் சற்றுக் குறைந்தாலும், வீட்டின் ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்பிட அது போதும். உணரியை இலை இருக்கும் உயரத்தில், ஒளி வரும் திசை நோக்கிப் பிடிக்க வேண்டும். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும், வெயில் நாளிலும் மேகமூட்ட நாளிலும் அளந்து குறித்துக்கொள்வது நல்லது. கருவி இல்லாதோர், வெள்ளைத் தாளுக்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பார்க்கலாம். நிழல் கூர்மையாக விழுந்தால் ஒளி மிகுதி. மங்கலாக விழுந்தால் நடுத்தரம். நிழலே தெரியாவிட்டால் குறைவு.

செடிக்கு முக்கியம் நாள் முழுவதும் சேரும் ஒளியின் கூட்டுத்தொகை. கணக்கில் ஒரு வேளை வரவைவிட நாளின் மொத்த வரவை நாம் பார்ப்பது போன்றதே இது. சூரிய ஒளியாயின் லக்ஸ் அளவை 54ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும், செடிக்குப் பயன்படும் ஒளி மைக்ரோமோல் கணக்கில் கிடைக்கும். அதை மணி நேரத்தாலும் 0.0036ஆலும் பெருக்கினால் நாளின் மொத்தம் மோல் கணக்கில் வரும். 5,000 லக்ஸ் ஆறு மணி நேரம் விழும் ஜன்னலோரத்தில் இது சுமார் 2 மோல். மணிபிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட் போன்றவை இவ்வளவில் பிழைத்துக்கொள்ளும். லெட்யூஸ் போன்ற இலைக்கீரைகளுக்கு 12 முதல் 17 மோல் வரை வேண்டும். தக்காளிக்கு 20க்கும் மேல். துளசியும் வெயில் விரும்பும் செடியே. அதன் இடம் வெயில் விழும் பால்கனிதான்.

திசையையும் நம் ஊருக்கேற்பக் கருத வேண்டும். கடகரேகைக்கு வடக்கே உள்ள டெல்லியில் நண்பகல் வெயில் எப்போதும் தெற்கிலிருந்தே வரும். சென்னையிலும் பெங்களூருவிலும் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் சற்றே வடக்கில் நிற்கும். மும்பையின் மழைக்கால மேகமூட்டத்தில் எல்லா ஜன்னல்களும் மங்கும். கொசுவலையும் கண்ணாடித் தூசியும் ஒளியை மேலும் குறைக்கும்.

ஒளி போதாத இடத்தில் எல்.இ.டி. விளக்கு உதவும். 20 வாட் விளக்கை நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரித்தால் 30 நாளில் 7.2 யூனிட் மின்சாரம் செலவாகும். சிவப்பும் நீலமும் கலந்த செடி விளக்குகளுக்கு லக்ஸ் அளவு பொருந்தாது என்பதை நினைவில் கொள்க. லக்ஸ் மனிதக் கண்ணுக்கென வகுக்கப்பட்ட அளவு. பச்சை ஒளிக்கே அது மிகுந்த மதிப்புத் தருகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒளி குறைந்த செடி நீரையும் குறைவாகவே பயன்படுத்தும். வாடுகிறதே என்று இரக்கப்பட்டு மேலும் மேலும் நீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மண்ணின் மேற்பகுதி காய்ந்திருப்பதை விரலால் தொட்டறிந்த பின்னரே நீர் விடுக.

ஆகவே வாசகர்களே, அடுத்த முறை நாற்றுப்பண்ணைக்குச் செல்லுமுன் வீட்டின் ஒளியை அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவுக்கு ஏற்ற செடியைக் கேட்டு வாங்குங்கள். முன்பே வாங்கிய செடி வாடி நின்றால், உரம் வாங்குவதற்குமுன் தொட்டியை ஜன்னலருகே நகர்த்திப் பாருங்கள். அதற்குச் செலவு ஏதுமில்லை.